நாலாம் மாடியில் கையாட்டியவர்

ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்கள் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் வெளியூர் கிளம்புகிறவர்கள் மாதிரி "திருச்சிக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார்கள். இத்தனைக்கும் இரண்டும் ஒரே மாநகராட்சி, ஒரே மேயர், ஒரே குப்பை வண்டி. நடுவில் ஓடுவது காவிரி ஒன்றுதான். அதிலும் பாதி மாதங்களுக்கு வெறும் மணல். ஆனாலும் அந்தக் கரைக்காரர்களுக்கு இந்தக் கரை என்றால் இளக்காரம், இந்தக் கரைக்காரர்களுக்கு அந்தக் கரை என்றால் பரிதாபம். எங்கள் குடும்பத்துக்கு இரண்டு கரையிலும் ஆள் இருந்ததால் இளக்காரம், பரிதாபம் இரண்டுமே எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துகொண்டிருந்தன.

அம்மாவின் தம்பி ஸ்ரீரங்கத்து மாமா. அப்பாவின் அண்ணன் தென்னூர்ப் பெரியப்பா. நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் இருவரும் ஆளுக்கொரு அடுக்குமாடி கட்டத் தொடங்கினார்கள். மாமாவுடையது ஸ்ரீரங்கக் கரையில், பெரியப்பாவுடையது திருச்சிக் கரையில். இரண்டும் ஆற்றைப் பார்த்தபடி, ஒன்றையொன்று முறைத்தபடி எழும்பின. யாருடையது முதலில் ஐந்து மாடியைத் தொடும் என்பதுதான் அந்த வருஷம் முழுக்கப் பேச்சு.

"ஸ்ரீரங்கத்துக்கு எதுக்குங்க அடுக்குமாடி? ரிட்டயர் ஆனவங்க மூட்டு வலியோட படி ஏறவா?" என்பார் பெரியப்பா.

"உங்க ஊர்ல தண்ணி லாரி பின்னாடி குடத்தோட ஓடுறவங்க, கொஞ்சம் எங்க ஊருக்கு வந்து நிம்மதியா இருக்கட்டுமேன்னுதான்" என்பார் மாமா.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆற்றைப் பார்த்த பால்கனியில் நின்றால் எதிர்க்கரைதானே தெரியும்? அதனால் மாமாவின் விளம்பரப் பலகையில் மலைக்கோட்டை இருந்தது, பெரியப்பாவின் பலகையில் ராஜகோபுரம் இருந்தது. தன் ஊர்தான் உசத்தி என்று நாள் முழுக்கப் பேசிய இருவரும் அடுத்தவர் ஊரைக் காட்டித்தான் வீடு விற்றார்கள். இதைச் சுட்டிக்காட்டும் தைரியம் அப்பாவுக்கு மட்டும்தான் இருந்தது. அவரும் ஒருமுறைதான் சொன்னார்.

என் பள்ளிக்கூடம் தென்னூரில். வீடு ஸ்ரீரங்கத்தில். காலையில் தெருப் பிள்ளைகளோடு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டுவேன். மதியம் பெரியப்பா வீட்டில் சாப்பாடு. மாலையில் பாலம் தாண்டியதும் முதல் நிறுத்தத்தில் இறங்கி, மாமாவின் கட்டடத்துக்கு முன்னாலிருந்த தகரக் கொட்டகையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். ஆறு மணிக்கு மாமா வண்டியில் வீட்டில் விடுவார். ஆற்றின் அகலத்துக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை மாடிகளை எண்ண முடியாது. ஆக, இரண்டு கட்டடங்களையும் தினமும் கிட்டத்தில் பார்க்கும் ஒரே ஆள் நான்தான். மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டே பெரியப்பா கேட்பார், "உங்க மாமா எத்தனை மாடி?" மாலையில் போண்டாவை நீட்டிக்கொண்டே மாமா கேட்பார், "உங்க பெரியப்பா எத்தனை மாடி?" ஒன்பது வயதில் எனக்குக் கிடைத்த அந்த மரியாதை பிற்பாடு எந்த உத்தியோகத்திலும் கிடைக்கவில்லை.

மாமாவின் கட்டடத்தில்தான் அந்த மனிதரைத் தெரிந்துகொண்டேன். லால்குடிக்கு அப்பால் ஏதோ ஒரு கிராமம். வயலில் வேலை இல்லாத மாதங்களில் திருச்சிக்கு வந்து, காலையில் கூலியாட்கள் கூடி நிற்கும் இடத்தில் நிற்பார். யார் கூப்பிடுகிறார்களோ அவர்களோடு போவார். அப்படித்தான் மேஸ்திரி இவரை அழைத்து வந்திருந்தார். இரவில் கட்டடத்திலேயே படுத்துக்கொள்வார். செங்கல் நிறத்தில் ஒரு சட்டை. அதன் பாக்கெட் மட்டும் பச்சைத் துணி. பழைய பாக்கெட் கிழிந்துபோய் வேறு துணியில் தைத்தது.

ஒரு நாள் நான் எந்த பஸ்ஸில் போகிறேன் என்று கேட்டார்.

"ஒண்ணாம் நம்பர். டிரைவருக்குப் பின்னாடி ஜன்னல்" என்றேன்.

"அப்ப நான் மேல ஓரத்துல நின்னு டாட்டா காட்டுறேன் பாப்பா. பாலத்துல வரும்போது பாரு."

மறுநாள் பாலத்தில் பஸ் ஏறியதும் பார்த்தேன். மூன்றாம் மாடி ஓரத்தில் செங்கல் நிறச் சட்டை நின்றது. தலையில் துண்டு. ஒரு கை மேலே போய் ஆடியது. பஸ்ஸில் இருந்த பிள்ளைகளிடம் "எனக்குத்தான் காட்டுறார்" என்று சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு ஒரு நாளும் அவர் தவறவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போன நாட்களில் மட்டும் அந்த ஓரம் காலியாக இருந்தது, எனக்குப் பள்ளிக்கூடமே பிடிக்காமல் போயிற்று.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டது. இரண்டு கரையிலும் வேலை நின்றது. இரண்டு கட்டடமும் மூன்று மாடியில் நின்றன. மாமா கேட்பார், நான் "மூணு" என்பேன், அவர் "ம்" என்பார். அதே மூணு, அதே ம். ஒரு வாரம் போண்டாகூட வரவில்லை. இனி இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எட்டாவது நாள் மாமா கேட்டபோது, "நாலு போட்டுட்டாங்க மாமா, அஞ்சுக்குக் கம்பி கட்டுறாங்க" என்றேன். பொய். அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கும் ஆசை, அவ்வளவுதான். முகம் நன்றாகவே போனது. மழையில் அவர்கள் எப்படித் தளம் போட்டார்கள் என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. எழுந்து போய் மேஸ்திரியிடம் கத்தினார். மறுநாள் தூறலிலேயே நாலாவது தளத்துக்குக் கான்கிரீட் போட ஆரம்பித்தார்கள்.

அந்த மாலை நான் போனபோது கொட்டகை பூட்டியிருந்தது. காவல்காரர் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். மூன்று நாள் வேலை இல்லை என்றார்கள். "மழைடா பாப்பா" என்றார் மாமா. அந்த மூன்று நாளும் பாலத்திலிருந்து பார்த்தேன். ஓரத்தில் யாரும் இல்லை.

நாலாவது நாள் அவர் திரும்ப நின்றார்.

செங்கல் நிறச் சட்டை, பச்சைப் பாக்கெட், தலையைச் சுற்றித் துண்டு. இப்போது ஒரு மாடி கூடுதலாக, நாலாம் மாடி ஓரத்தில். முன்பெல்லாம் பஸ் பாலத்தின் நடுவுக்கு வந்த பிறகுதான் கையைத் தூக்குவார். இப்போது பஸ் பாலத்தில் ஏறும் முன்பே கை ஆடிக்கொண்டிருந்தது. பஸ் அக்கரை சேர்ந்த பிறகு திரும்பிப் பார்த்தாலும் ஆடிக்கொண்டிருந்தது. என் மேல் அவ்வளவு பிரியம் என்று நினைத்தேன்.

அது திருஷ்டிப் பொம்மை. படிக்கிறவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும், எனக்குத்தான் புரியவில்லை. கட்டடம் எழும்பும்போது கண்படாமலிருக்கப் பொம்மை கட்டுவது எனக்கும் தெரியும். ஆனால் நான் கண்ட பொம்மைகளுக்கெல்லாம் சட்டித் தலை, கோரைப்பல், தொங்கும் நாக்கு இருக்கும். பெரியப்பா கட்டடத்தில் இருந்ததும் அப்படித்தான். முகமே இல்லாமல் துண்டு சுற்றிய ஒன்றைப் பொம்மை என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

நடந்தது இதுதான். அம்மா பல வருஷம் கழித்துச் சொன்னாள். கான்கிரீட் போடும்போது அழுக்காகாமல் இருக்கட்டும் என்று அவர் சட்டையைக் கழற்றிச் சாரக் கம்பில் மாட்டியிருக்கிறார். ஈரப் பலகை வழுக்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள், பிழைக்கவில்லை. லால்குடிப் பக்கம் என்பதற்கு மேல் அவர் ஊர் யாருக்கும் தெரியவில்லை. மாமா நினைத்திருந்தால் தேடியிருக்கலாம். ஆள் விழுந்த கட்டடம் என்று பெயர் வந்தால் ஒருவரும் வீடு வாங்க மாட்டார்கள், எதிர்க்கரை சிரிக்கும் என்று வாயை மூடிக்கொண்டார். வேலையாட்கள் மேலே ஏற மறுத்தார்கள். ஒருத்தரை எடுத்த இடம் இன்னொருத்தரையும் கேட்கும் என்று பயம். அதற்கு மேஸ்திரி ஒரு வழி சொன்னார். கம்பில் மாட்டியிருந்த சட்டைக்குள் வைக்கோலை அடைத்து, அவர் விழுந்த ஓரத்திலேயே நிறுத்தினார்கள். அவன் இன்னும் போகவில்லை, இங்கேயேதான் நிற்கிறான் என்று அந்த இடத்தை நம்பவைக்க வேண்டுமாம். இடம் நம்பியதோ இல்லையோ, நான் நம்பினேன்.

நான் சொன்ன பொய்யை இன்றுவரை மாமாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

மார்கழி வந்தது. காலையில் ஆற்றின் மேல் பனி இறங்கி இரண்டு கரையும் மறைந்துவிடும். ஒரு நாள் பாலத்திலிருந்து பார்த்தால் மாமாவின் கட்டடமே இல்லை. வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு மேலே, கீழே எதுவும் இல்லாமல், அவர் மட்டும் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் "யாரு அது, அங்க நிக்கிறது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. நான் பதிலுக்குக் கையாட்டினேன், ஆனால் வழக்கம்போல முழுக் கையையும் தூக்கவில்லை.

அன்று மாலை கொட்டகைக்கு வந்தபோது மாமா ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மாவை விடச் சின்ன வயது. கையில் மஞ்சள் பை. காலெல்லாம் புழுதி.

"அப்படி யாரும் இங்க வேலை பாக்கலம்மா. எதிர்க்கரையில ஒரு கட்டடம் நடக்குது, அங்க கேட்டுப் பாருங்க" என்றார் மாமா.

"அங்கேருந்துதாங்க வரேன். அவங்க ஸ்ரீரங்கத்துல கேளுன்னாங்க. நேத்து இங்க வந்தப்ப உங்க காவல்காரரும் அங்க கேளுன்னாரு. ரெண்டு நாளா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் பாலத்து மேலயே நடந்துக்கிட்டு இருக்கேன்." அவள் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "தீபாவளிக்கு வந்துட்டுப் போனவரு. கடையிலேருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணுவாரு. ஒரு மாசமா பண்ணல. ஆத்தைப் பாத்த மாடி கட்டுறோம்னு மட்டும் சொல்லியிருந்தாரு. செங்கக் கலர் சட்டை போட்டிருப்பாருங்க."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பச்சைத் துணியில பாக்கெட் தச்சிருக்குமே, அந்தச் சட்டையா?" என்று கேட்டேன்.

அவள் திரும்பினாள். "ஆமா பாப்பா. நான் தச்ச பாக்கெட்டு."

"அவர் மேலதான் இருக்கார் அக்கா! நாலாம் மாடியில. டெய்லி எனக்கு டாட்டா காட்டுவார். இன்னிக்குக் காலையிலகூடக் காட்டினார்."

மாமா என்னைப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன், அவர் அடிக்கவில்லை. அப்படியே தகரக் கொட்டகையின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணோ சிரித்தாள். ரொம்ப நாள் கழித்துச் சிரிப்பவளைப் போல முதலில் உதடு நடுங்கியது, பிறகுதான் சிரிப்பு வந்தது.

"கோவம்" என்றாள் என்னிடம். "தீபாவளியன்னிக்கு, திருச்சியே கதின்னு அங்கயே கெடன்னு சொல்லிட்டேன். அதான் இல்லேன்னு சொல்லச் சொல்லியிருக்காரு." பிறகு மாமாவைப் பார்த்து, "இருக்கட்டுங்க. வேலை முடிஞ்சு இறங்கி வரட்டும். நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றாள்.

வாசலில் கொட்டியிருந்த மணல் மேட்டில் போய் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆற்றுப் பக்கத்து ஓரம் அங்கிருந்து தெரியாது, செங்கல் சுவர்தான் தெரிந்தது. அவள் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அவருக்கென்று கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பொரிவிளங்காய் உருண்டையை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"இளைச்சுட்டாரா பாப்பா?"

நான் யோசித்தேன். பொய் சொல்லக்கூடாது என்று அந்த ஒரு மாதமாக எனக்குள் ஒரு தீர்மானம் இருந்தது. "ஆமாக்கா. மழைக்கு அப்புறம் ரொம்ப இளைச்சுட்டார். சட்டை தொளதொளன்னு இருக்கு."

"சாப்பிடுறாரா?"

"தெரியல. எப்பப் பாத்தாலும் நின்னுக்கிட்டே இருக்கார்."

"அப்படித்தான். உக்காருன்னா உக்கார மாட்டாரு" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமைகூட இருந்தது.

மேலே சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. முதலில் கரண்டிச் சத்தம், பிறகு கலவை மிஷின், பிறகு பேச்சு. ஐந்தரைக்கு வேலை முடியும். முடிந்ததும் ஆண்களும் பெண்களுமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கி, குழாயில் கைகால் கழுவிக்கொண்டு போவார்கள். அன்று ஐந்தரை ஆயிற்று, ஆறு ஆயிற்று, ஒருவரும் இறங்கவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு மாடியிலும், ஜன்னலுக்காக விட்ட ஓட்டைகளிலும் படிக்கட்டு ஓரத்திலும் ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் கீழே, அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை, ஒருவரும் பேசவில்லை. இத்தனை பேர் இருந்தும் இத்தனை அமைதியாக ஒரு கட்டடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இறங்க வேண்டுமென்றால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"ஏன் யாரும் வரல?" என்றாள்.

"வைகுண்ட ஏகாதசிக்குள்ள முடிக்கணும்னு மாமா சொல்லியிருக்கார். அதான் ஓவர்டைம்" என்றேன், எல்லாம் தெரிந்தவளாக.

அப்போது அம்மா வேகமாக நடந்து வந்தாள். மாமா போன் செய்து, "அக்கா, பாப்பாவ வந்து கூட்டிட்டுப் போ" என்று சொன்னாராம். வந்தவள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இரும்மா, அவர் இறங்கிடுவார். பாத்துட்டுப் போலாம்மா."

"வா" என்றாள் அம்மா. அந்தக் குரலை எதிர்த்து எனக்குப் பழக்கமில்லை.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். படிக்கட்டில் மேஸ்திரி இறங்கி வந்துகொண்டிருந்தார். கோயில் பிரசாதத்தை ஏந்துவது போல இரண்டு கையிலும் அந்தச் சட்டையை ஏந்தியிருந்தார். அழகாக மடித்திருந்தது. பச்சைப் பாக்கெட் மேலே தெரிந்தது. அந்தப் பெண் எழுந்து நின்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் குளிக்கப் போயிருக்கிறார், துவைக்கச் சட்டையை முதலில் கொடுத்தனுப்பியிருக்கிறார், பின்னாலேயே வந்துவிடுவார் என்று நினைத்தேன். யாருடைய புருஷனையோ நான் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன் என்று அம்மாவிடம் வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன். அம்மா என் கையை விடாமல் வேகவேகமாக நடந்தாள்.

வீட்டு வாசலை அடைந்ததும் அம்மா என்னை உள்ளே விடவில்லை. பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கக் குழாயடிக்கு அழைத்துப் போனாள். யூனிஃபார்மோடு என்னை நிறுத்தி, மார்கழிக் குளிரில், பச்சைத் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றினாள்.

"மணல்ல உக்காந்ததுக்காம்மா?" என்று பல் கிட்டக் கேட்டேன்.

"ஆமா" என்றாள்.

"அந்த அக்கா வீட்டுக்காரர் இந்நேரம் இறங்கி வந்திருப்பார்ல?"

அம்மா இன்னொரு சொம்பு ஊற்றினாள். பிறகு சொம்பைக் கீழே வைக்காமல், கட்டியிருந்த புடவையோடு, தன் தலையிலும் ஊற்றிக்கொண்டாள். அம்மா மணலில் உட்காரவே இல்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.